கதவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

'சி.ஐ.டி.' என்ற இந்தித் துப்பறியும் டிவி தொடரை எழுதுகிறவர்களுக்கும் இயக்குகிறவர்களுக்கும் தயாரிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து எழுதுகிறேன். இந்தியிலோ மராத்தியிலோ எழுதியிருக்கலாம், இரண்டும் தெரியும். ஆனால் உங்கள் தொடரை எங்கள் வீடு தமிழில்தான் பார்த்தது. திரையில் இந்தி ஓடும். அம்மா நடுவில் "என்னடா சொல்றான்?" என்பார். நானோ அக்காவோ சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பிணம் விழுந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் இந்த மடலும் தமிழிலேயே வருகிறது. உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பார். மும்பையில் அதற்குப் பஞ்சமில்லை.

1998 ஜனவரி 21ஆம் தேதி தொடர் தொடங்கியபோது எங்கள் வீட்டில் டிவி கிடையாது. முதல் நாளிலிருந்தே பார்த்தவன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். சில மாதம் கழித்து, எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். எனக்குப் பதினோரு வயது. அப்போது அஷுதோஷ் கோவாரிகர் இன்ஸ்பெக்டர் வீரேந்திராவாக வருவார். பிற்பாடு அவர் பெரிய இயக்குநராகி, அவர் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனபோது தெருவே கொண்டாடியது. ஆன்ட்டி மட்டும் "நம்ம வீரேந்திரா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த ஆள் கடைசி வரை போலீஸ்தான்.

ஒரு குறை சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால், இந்த இருபத்தேழு வருஷத்தில் உங்களை எவ்வளவு மன்னித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் நான் வம்புக்கு வந்த ஆள் இல்லை என்று புரியும்.

தொடரின் தலைமை அதிகாரி, உதவி கமிஷனர், அதாவது ஏ.சி.பி. பிரத்யுமன். 1998இல் ஏ.சி.பி., 2025இலும் ஏ.சி.பி. அந்த வேடத்தில் நடிக்கிற சிவாஜி சாட்டம் 1950இல் பிறந்தவர். மகாராஷ்டிரத்தில் போலீஸ்காரர் 58 வயதில் ஓய்வு பெற வேண்டும். கதையில் அவருக்கும் அதே வயது என்று வைத்துக்கொண்டால் 2008லேயே மாலை, சால்வை, தேங்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பதவி உயர்வும் இல்லை, ஓய்வும் இல்லை, பாவம். ரயில்வேயில் வேலை பார்த்த என் அப்பா இதைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்படுவார். "யூனியன் இல்லாத இடம்" என்பார். நான் இதை மன்னித்தேன். அந்த மனிதர் நடிக்க வருவதற்கு முன் வங்கியில் காசாளராக இருந்தவர். சந்தேகக் குற்றவாளியைப் பார்க்கும்போது, நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அந்தப் பார்வை இன்னும் அவர் முகத்தில் இருக்கிறது. விரல்களை விரித்து அவர் கையைச் சுழற்றினாலே எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். "குச் தோ கட்பட் ஹை", ஏதோ கோளாறு இருக்கிறது, என்ற ஒரு வரி மட்டும் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத இந்தி. ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் அதைத்தான் சொல்வார்.

டாக்டர் சாளுங்கேயின் ஆய்வகத்தை மன்னித்தேன். அங்கே பிரேதப் பரிசோதனை, விஷம், கைரேகை, முகம் வரைவது எல்லாம் ஒரே ஆள், ஒரே மேசை. ஒரு குழாயில் நீலத் திரவம் ஊற்றினால் கொலைகாரனின் ஊர் தெரிந்துவிடும். நிஜத்தில் மும்பையில் பிரேதப் பரிசோதனை ஜே.ஜே., கே.ஈ.எம்., கூப்பர் மாதிரி ஆஸ்பத்திரிகளில் நடக்கும். ரசாயனப் பரிசோதனைக்கு எல்லாம் கலினாவில் உள்ள தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து அறிக்கை வருவதற்குள் உங்கள் தொடரில் முப்பது கொலை முடிந்திருக்கும். நீங்கள் காட்டுகிற 'மும்பை சி.ஐ.டி.' என்ற அலுவலகமே ஒரு கலவைதான்: மாநில சி.ஐ.டி.யின் தலைமையகம் புனேயில், மும்பையில் இந்த வேலையெல்லாம் பார்ப்பது கிரைம் பிராஞ்ச். பரவாயில்லை. சாளுங்கேயும் பிரத்யுமனும் பிணத்துக்கு மேல் நின்றுகொண்டு ஒருவரையொருவர் குத்திப் பேசுகிற அழகுக்காக அந்த நீலத் திரவத்தை நான் குடிக்கவும் தயார்.

ஏ.சி.பி.யைக் கொன்றதையும் மன்னித்தேன். 2018 அக்டோபர் 27ஆம் தேதி 1547ஆவது அத்தியாயத்தோடு நிறுத்தினீர்கள். ஆறு வருஷம் கழித்து 2024 டிசம்பர் 21இல் திரும்பி வந்தீர்கள். வந்த நாலாவது மாதத்தில் குண்டு வைத்து அவரை முடித்து, பெயருக்கு அடியில் வருஷமெல்லாம் போட்டு அஞ்சலிப் படம் வெளியிட்டீர்கள். அன்று அம்மா சாப்பிடவில்லை. அப்புறம் கொஞ்ச நாளில் மனிதர் திரும்பி வந்துவிட்டார். அம்மா அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கெட்டவனுங்க கதையில மூணு தடவை திரும்பி வர்றானுங்க, அவரு ஒரு தடவை வரக்கூடாதா?" என்றார். நியாயம்தானே.

ஒன்றை மட்டும் மன்னிக்கிற பேச்சுக்கே இடமில்லை, அதில் உங்கள் தப்பும் இல்லை. 2023 டிசம்பர் 5ஆம் தேதி, ஃப்ரெடரிக்ஸாக நடித்த தினேஷ் ஃபட்னிஸ் போய்விட்டார். ஃப்ரெடரிக்ஸ் இல்லாத சி.ஐ.டி. அலுவலகத்தில் இப்போது யார் வந்து நின்றாலும் அந்த இடம் காலியாகவே தெரிகிறது. சின்ன வயதில் எங்கள் சந்தில் சி.ஐ.டி. விளையாட்டு ஆடுவோம். நான் எப்போதும் ஃப்ரெடரிக்ஸ்தான். பெண்டாட்டிக்குப் பயப்படுகிற மாதிரி நடிக்கச் சொல்வார்கள். எனக்குப் பெண்டாட்டி என்றால் என்னவென்றே தெரியாத வயது, அக்காவுக்குப் பயப்படுகிற மாதிரி செய்துவிடுவேன்.

அந்த விளையாட்டிலிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்கிறது.

ஏ.சி.பி.யின் கீழே வேலை பார்க்கிற, கதவை உடைக்கிற அதிகாரி தயா. யார் தயா என்பதுதான் ஆட்டத்தின் முதல் சண்டை. எப்போதும் தெருவிலேயே பெரிய பையன்தான் தயா. குற்றவாளி யார் என்பதில் சண்டையே வராது, இருப்பதிலேயே ஒல்லியானவன், இல்லாவிட்டால் புதிதாகக் குடிவந்தவன். தயா முதலில் கதவை உடைப்பார். எங்களுக்குக் கதவு ஏது? ஒரு பழைய அட்டைப்பெட்டியை நிறுத்தி வைப்போம். அது விழுந்ததும் தயா உள்ளே வந்து குற்றவாளியை அறைவார். அறைந்ததும் அவன் "நான்தான் கொன்றேன்" என்று சொல்ல வேண்டும். அது விதி. சொல்லாவிட்டால் இன்னொரு அறை. சும்மா அறைகிற மாதிரி காட்டுவதுதான் பேச்சு, ஆனால் நாலில் ஒன்று நிஜமாகவே விழும்.

உங்கள் தொடரை அப்படியே ஆடினோம், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

தயாவாக நடிக்கிற தயானந்த் ஷெட்டிமேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. வட்டு எறிந்த விளையாட்டு வீரர். அந்தத் தோளும் கையும் அங்கிருந்து வந்தவை. "தயா, தர்வாஸா தோட் தோ", கதவை உடை, என்று ஏ.சி.பி. சொல்லி முடித்ததும் அவர் இரண்டு அடி பின்னால் வைத்து, காலைத் தூக்குகிற அந்த ஒரு நொடிக்காக எத்தனை மொக்கைக் கதையையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். தாழ்ப்பாள் போடாத கதவையும் உடைத்திருக்கிறார். அது உரிமை. கதவுக்கு வலிக்காது.

ஆனால் கதவு விழுந்த பிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில், அதே கை ஒரு ஆளின் கன்னத்தில் விழுகிறது. அவன் தலை ஒருபக்கம் திரும்புகிறது. உடனே முகம் நேராகி, கோவையாக, பிழையில்லாமல், காரணம், நேரம், ஆயுதம் எல்லாம் சொல்லி முடிக்கிறான். பின்கதை காட்சியாகவே விரிகிறது. அந்த அறையைப் பார்த்துப் பல வருஷம் நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். நான்தான் முதலில் சிரித்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் மாடியில் ஒரு பையன். பெயர் வேண்டாம், எந்த போலீஸ் ஸ்டேஷன் என்பதும் வேண்டாம், இது யாரையும் மாட்டிவிட எழுதுகிற மடல் இல்லை. அவனுக்குப் பத்தொன்பது வயது, தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. பட்டறை முதலாளியின் செல்போன் ஒரு நாள் காணாமல் போனது. இவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஒருவர், "சி.ஐ.டி. பார்ப்பியா?" என்று கேட்டாராம். இவன் விளங்காமல் "பார்ப்பேன் சாப்" என்றிருக்கிறான். ஒரே அறை. இடது காதில் பலமாக விசில் அடிப்பது போல ஒரு சத்தம், அப்புறம் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது இவன் "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டான். எங்கே வைத்திருக்கிறாய் என்றால் சொல்லத் தெரியவில்லை. தாராவியில் விற்றேன் என்றான். யாரிடம் என்றால் ஒரு பெயரைச் சொன்னான், அப்படி ஓர் ஆளே கிடையாது. இரண்டு நாள் கழித்து போன் கிடைத்தது. முதலாளியின் மச்சான் மகன் எடுத்துப் போயிருக்கிறான், சொல்ல மறந்துவிட்டானாம்.

ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்கள். திறந்த கையால் காதோடு சேர்த்து அறைந்தால் காற்று அப்படியே உள்ளே அடித்து அந்த மெல்லிய சவ்வைக் கிழித்துவிடுமாம். பல பேருக்குத் தானாகவே மூடிவிடும் என்றார் டாக்டர். இவனுக்குச் சீழ் பிடித்துவிட்டது. இன்றும் அந்தக் காது சரியாகக் கேட்காது.

அவன் வீட்டுக்கு வந்த இரவு நாங்கள் ஐந்தாறு பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம். டிவி ஓடிக்கொண்டிருந்தது, பழைய அத்தியாயம், மறு ஒளிபரப்பு. கடைசி ஐந்து நிமிடம் வந்தது. தயா கையை ஓங்கினார். அவன் அம்மா எழுந்து போய் டிவியை அணைத்தார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

உங்கள் தொடரைப் பார்த்துத்தான் அந்த மனிதர் அடித்தார் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தொடர் வருவதற்கு முன்னாலும் அடித்தார்கள், அது நின்ற ஆறு வருஷத்திலும் அடித்தார்கள். 2014 ஏப்ரலில் இங்கே பக்கத்தில் வடாலாவில், சங்கிலித் திருட்டு என்று ரயில்வே போலீஸ் பிடித்துப் போன ஓர் இளைஞர் இறந்தார். தப்பி ஓடி ரயிலில் அடிபட்டார் என்றது போலீஸ், அடித்தே கொன்றார்கள் என்றது குடும்பம், வழக்கு சிபிஐக்குப் போனது. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், எங்கள் அப்பாவின் ஊர்ப்பக்கம் சாத்தான்குளத்தில், கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்ததாக ஓர் அப்பாவையும் மகனையும் பிடித்துப் போனார்கள். இரண்டு பேரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. 2025 ஜூனில் திருப்புவனத்தில் ஒரு கோயில் காவலாளி. காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று புகார். நகை எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்ததில் அவர் இறந்துபோனார்.

கடைசி செய்தியைப் படிக்கும்போது ஒன்று உறைத்தது. "சொல், எங்கே வைத்தாய்?" என்ற அந்தக் கேள்வி உங்கள் கடைசி ஐந்து நிமிடத்தின் கேள்வி. அடித்தால் பதில் வரும் என்ற நம்பிக்கையும் அதேதான். உங்கள் தொடரில் மட்டும் அடிபட்டவன் எல்லோரும் குற்றவாளியாகவே இருக்கிறான், அதுவும் தெளிவாகப் பேசுகிறான், காதைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் எங்கள் கட்டடத்து வக்கீல் அந்தச் சமயத்தில் சொன்னதைச் சொல்கிறேன், கதை எழுதுகிறவர்களுக்கு உதவும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்தில் அது 25ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது, அதில் 23ஆவது பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது. அதாவது நீங்கள் டிசம்பரில் திரும்பி வருவதற்கு ஐந்து மாதம் முன்னால் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள், அப்போதும் இதைத் தொடவில்லை. வெள்ளைக்காரனுக்கே அன்று தெரிந்திருக்கிறது, லாக்கப்பில் பேசுகிற வாய் எப்படிப் பேசும் என்று. கைது செய்தால் குறிப்பு எழுத வேண்டும், சாட்சி கையெழுத்து வேண்டும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிசையாகச் சொன்னது 1996 டிசம்பரில். உங்கள் முதல் அத்தியாயத்துக்குப் பதின்மூன்று மாதம் முன்னால்.

ஆக, தயா அறைந்து வாங்குகிற அத்தனை வாக்குமூலமும் குப்பைத் தொட்டிக்கு. ஏ.சி.பி. கடைசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "உனக்குத் தூக்குதான்" என்கிறாரே, அந்த ஆள் மறு மாதமே வெளியே வந்து ஏ.சி.பி.க்கு வணக்கம் வைப்பான். (தூக்கு என்பது அரிதினும் அரிதான வழக்குக்கு மட்டும் என்று 1980லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் தொடரில் அது வாராவாரம்.)

ஒரு ரசிகனாக எனக்கு இன்னொரு வருத்தம், இது கதை சம்பந்தப்பட்டது. நாற்பது நிமிடம் துப்புத் துலக்குகிறீர்கள். பொத்தான், நூல், சிம் கார்டு, செருப்புத் தடம் என்று இன்னொரு அதிகாரி அபிஜீத் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே வருகிறார். அபிஜீத்தாக நடிக்கிற ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா அதைக் கண்ணாலேயே செய்வார், எதிரில் இருப்பவன் பேசும்போது சும்மா கேட்டுக்கொண்டிருப்பதுதான், ஆனால் நமக்கு வயிற்றைக் கலக்கும். எல்லாம் கோத்த பிறகு அறை. ஆதாரம் கையில் இருக்கும்போது அறை எதற்கு? ஆதாரம் இல்லையென்றால் அறைந்து வாங்கியது எதற்கு ஆகும்? அபிஜீத் நாற்பது நிமிடம் உழைத்ததை ஒரு நொடியில் நீங்களே அடித்துப் போட்டுவிடுகிறீர்கள்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். வாக்குமூலம் செல்லாது, ஆனால் குற்றவாளி சொன்ன தகவலை வைத்துப் போய்க் கத்தி கிடைத்தால், அதைக் கண்டுபிடிக்க உதவிய அந்த ஒரு துண்டு மட்டும் சாட்சியமாகும். எடுத்த இடத்திலேயே சாட்சிகள் முன்னால் எழுதுகிற பதிவை ஊரில் மகஜர் என்பார்கள், இங்கே பஞ்சநாமா. இரண்டு பஞ்ச் சாட்சிகள் கூட வர வேண்டும். யோசித்துப் பாருங்கள்: மிட்டி நதி ஓரம், ராத்திரி, மழை. பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கூட்டி வந்த ஒரு வடாபாவ் கடைக்காரர், ஒரு வாட்ச்மேன். அவன் கை காட்டுகிற இடத்தில் கத்தி இருக்கிறதா இல்லையா? தோண்டும்போது தயாவுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நான் சொல்லும்போதே எனக்குப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

உங்களால் முடியாதா என்ன? 2004 நவம்பர் 7, ஒரு ஞாயிற்றுக்கிழமை. 111 நிமிடம், ஒரு வெட்டுகூட இல்லாமல், லோனாவ்லாவில் ஒரே ஓட்டமாக எடுத்த அத்தியாயத்தை ஒளிபரப்பினீர்கள். கின்னஸ் வரை போனது. தொலைக்காட்சியில் இது நடக்காது என்று எல்லோரும் நினைத்ததை, தொடரை உருவாக்கிய பி.பி. சிங் செய்து காட்டினார். அதற்குள் எங்கள் வீட்டுக்கு டிவி வந்திருந்தது. விளம்பரமே வராததால் அம்மா அடுப்பை அணைக்கப் போக முடியாமல் சாம்பார் அடிப்பிடித்தது. ஆரம்ப காலத்தில் ஒரு வழக்கையே இரண்டு வாரத்துக்கு நீட்டுவீர்கள். முதல் வாரம் முடிந்து அடுத்த வாரம் வரை பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு கொலைகாரனைச் சொல்லிக்கொண்டிருப்போம். பொறுமையாகக் கதை சொல்ல உங்களுக்குத் தெரியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"சீரியல்தானே, யார் இதையெல்லாம் நிஜமென்று நினைக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நீலத் திரவத்தை யாரும் நிஜமென்று நினைக்கவில்லை, சரி. கலினாவில் அப்படி ஒரு குழாய் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அறை அப்படியில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் தொடரிலேயே மிக நிஜமான பொருள் அதுதான். சொந்த மகனையே சுட நேர்ந்த ஏ.சி.பி.யை எழுதிய கை உங்களுடையது. கடமை என்றால் என்ன விலை என்று அந்த ஒரு கதையில் எங்களுக்குக் காட்டினீர்கள். அப்படிப்பட்ட ஏ.சி.பி. தன் அறையில் ஓர் ஆளைக் கட்டி உட்கார வைத்து அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாரா? ஒரே ஒருமுறை, தயா கை ஓங்கும்போது, "தயா" என்று மட்டும் அவர் சொல்லட்டும். வேறு வசனமே வேண்டாம்.

கதவை உடைப்பதைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். எங்கள் மாடிப் பையனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. அந்த இரவுக்குப் பிறகு அவன் சி.ஐ.டி. பார்ப்பதை விட்டுவிடுவான் என்று நினைத்தோம். விடவில்லை. வலது காதை டிவி பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பார்ப்பான், கீழ்வீடு வரை கேட்கும். கதவு விழுந்ததும் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொள்வான். கடைசி ஐந்து நிமிடம் அவனுக்குத் தெரியாது. கொலைகாரன் யார் என்று மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான்.

அன்புடன்,
ஒரு பழைய ஃப்ரெடரிக்ஸ்
சயான் கோலிவாடா, மும்பை